மைனாவின் கடைசி அறுபது கிராம்

மார்ச் 3, திங்கள்

காலை 138/88.

டாக்டர் சொன்னது இவ்வளவுதான்: தினமும் பிரஷர் பார்த்து ஒரு நோட்டில் எழுதுங்கள், மாதக் கடைசியில் கொண்டுவந்து காட்டுங்கள். பம்ப் கடைக்காரர் ஒருவர் பொங்கலுக்குக் கொடுத்த டைரி சும்மா கிடந்தது. நம்பருக்கு ஒரு வரி போதும்தான். ஆனால் மிச்சப் பக்கம் வெறுமனே கிடப்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. இருபது வருடம் கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்தவன், காகிதத்தை வீணாக்க மாட்டேன்.

முதல் பக்கத்தில் பெயர், வயது, ரத்த வகை எல்லாம் கேட்டிருக்கிறார்கள். சென்னியப்பன், 53, பி பாசிட்டிவ். வேலை என்ற இடத்தில் கொஞ்சம் யோசித்துவிட்டு ‘மைனா’ என்று எழுதினேன். வேறெப்படி எழுதுவது?

மைனா எங்கள் கம்பெனியின் ஒரே சாட்டிலைட். டேபிள் கிரைண்டரை விடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். ஐந்நூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டு, எந்த வயல் காய்ந்திருக்கிறது, எது ஈரமாக இருக்கிறது என்று சூட்டை வைத்துப் படம் எடுத்து அனுப்பும். தினமும் காலை பத்தரைக்கு, கோயமுத்தூரில் எங்கள் ஆபீஸ் இருக்கும் பீளமேட்டின் தலைக்கு மேல் வரும். எட்டு நிமிடம் பேசலாம். அது எந்தப் பாதையில் போகிறது, வயிற்றில் எவ்வளவு எரிபொருள் மிச்சம் என்று கணக்கு வைத்திருப்பவன் நான்.

இந்த 20ஆம் தேதியோடு அதன் ஐந்து வருட ஆயுள் முடிகிறது. முடிந்ததும் மிச்ச எரிபொருளை வைத்து அதைக் கீழே இறக்கிவிட வேண்டும். தாழ இறங்கினால் காற்றில் உரசி எரிந்துபோகும். இறக்காமல் விட்டால் இருபது, இருபத்தைந்து வருடம் அங்கேயே குப்பையாகச் சுற்றும். அனுமதி வாங்கும்போது இறக்குகிறோம் என்று எழுதிக் கொடுத்துத்தான் வாங்கினோம். இறக்க எண்ணூற்றைம்பது கிராம் வேண்டும்.

இன்று மீட்டிங். எங்கள் முதலாளி கோகிலவாணி, வயது முப்பத்தெட்டு. அவர் தாத்தா கிணற்றுக்குள் பம்ப் இறக்கினார், பேத்தி வானத்துக்கு ஏற்றினாள் என்று அவர்கள் வீட்டுக் கல்யாணங்களில் பேசிக்கொள்வார்கள். பயிர்க் காப்பீட்டுக்காரர்கள் மைனாவை இன்னும் இரண்டு வருடத்துக்குக் கேட்கிறார்களாம். 20ஆம் தேதி கையெழுத்து.

“ரெண்டு வருசத்துக்கு ஓட்டிப்போட்டு, அப்பறமும் எறக்கறதுக்குத் தாங்குமுங்களா சார்?”

“ஆயிரத்து இருநூத்தி அறுபது கிராம் இருக்குதுங்க.”

“அப்ப தாங்கும்.”

“தாங்குமுங்க.”

மீட்டிங் நன்றாக நடந்தது. மத்தியானம் தக்காளி சாதம்.

மார்ச் 5, புதன்

136/86.

கோனியம்மன் கோவில் தேர். பஸ்ஸை எல்லாம் சுற்றிவிட்டார்கள். ஆபீசுக்கு முக்கால் மணி நேரம் தாமதம்.

உள்ளே நுழைந்ததும் நஸ்ரீன் திரையைத் திருப்பிக் காட்டினாள். மைனாவோடு பேசுகிறவள் அவள்தான். நாங்கள் என்ன சொன்னாலும் அவள் கைவழியாகத்தான் அதற்குப் போகும். எச்சரிக்கை வந்திருக்கிறது. அவள் பிறப்பதற்கு முன்னால் ஏவப்பட்டு, மேலேயே வெடித்துச் சிதறிய ஏதோ ஒரு ராக்கெட்டின் துண்டு, கைமுஷ்டி அளவு, வெள்ளிக்கிழமை மைனாவுக்கு நூற்றைம்பது மீட்டர் பக்கத்தில் போகிறது. சாலையில் என்றால் ஹாரன் அடிக்கலாம். அங்கே செத்துப்போனதற்குக் காது கிடையாது. உயிரோடு இருக்கிறதுதான் ஒதுங்க வேண்டும்.

“யாரோடது சார் இது?”

“யாரோடதா இருந்தா என்னம்மா, அவங்க ரிட்டயர்டே ஆயிருப்பாங்க.”

நாளைக்கு ஒதுங்கக் கட்டளை அனுப்புகிறோம். விலகப் பத்து கிராம், பழைய பாதைக்குத் திரும்பப் பத்து கிராம்.

மார்ச் 7, வெள்ளி

144/92.

துண்டு போய்விட்டது. மைனா பத்திரம். புத்தகப்படி மிச்சம் ஆயிரத்து இருநூற்று நாற்பது கிராம்.

நஸ்ரீன் மட்டும் ஒன்று சொன்னாள். ஒவ்வொரு முறை வால்வ் திறந்து மூடும்போதும் தொட்டி அழுத்தம் இவ்வளவு குறையும் என்று நாங்கள் வைத்திருக்கும் அளவைவிட அதிகமாகக் குறைகிறதாம்.

“ரெண்டு வருசத்துக்கு முன்னாடியும் மெயில் போட்டேனே சார்.”

“சென்சாருக்கு வயசாயிருச்சும்மா. நமக்கு மாதிரியே.”

அவள் சிரிக்கவில்லை. நான் சிரித்தேன்.

டாக்டருக்கு இது தேவையில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். மேலே எடை கிடையாது. எரிபொருள் தொட்டிக்குள் உருண்டை உருண்டையாக மிதக்கும். மோட்டார் சைக்கிள் டேங்க்கை ஆட்டிப் பார்ப்பதுபோல் பார்க்க முடியாது, முள்ளும் கிடையாது. வால்வ் எத்தனை வினாடி திறந்திருந்தது, வினாடிக்கு எவ்வளவு போகும், இரண்டையும் பெருக்கிக் கழித்துக்கொண்டே வர வேண்டும். ஐந்து வருடமாகக் கழித்துக்கொண்டே வருகிறேன். என் கணக்கில் தப்பு கிடையாது. பெருக்கலில் நான் தப்புப் பண்ணுகிறவன் இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

146/92.

சமையல் நடுவில் அடுப்பு தணிந்தது. சுலோச்சனா சிலிண்டரை முன்னால் இழுத்து, ஈரத் துணியால் மேலிருந்து கீழ் வரைக்கும் ஒரே இழுப்பாகத் துடைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். இருபத்தேழு வருடக் கல்யாணத்தில் நூறு முறையாவது பார்த்திருப்பேன். இன்றுதான் நின்று பார்த்தேன். மேல்பக்கம் சீக்கிரம் காய்ந்தது. அடியில் நாலு விரல் உயரத்துக்கு மட்டும் ஈரம் காயாமல் நின்றது.

“அங்க வரைக்குந்தான் இருக்குது. ஒரு வாரம் வருமுங்க” என்றாள்.

உள்ளே திரவம் இருக்கும் இடம் மெதுவாகச் சூடேறும், காலி இடம் சட்டென்று சூடேறும். இதையே மைனாவிலும் செய்யலாம். தொட்டியைச் சுற்றி ஒரு ஹீட்டர் இருக்கிறது. அதைப் போட்டு, எத்தனை நிமிடத்தில் எத்தனை டிகிரி ஏறுகிறது என்று பார்த்தால் உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துவிடும். வேறு நாடுகளில் செய்கிறார்கள். நான் இதுவரை செய்யவில்லை. ஹீட்டர் போட்டால் பேட்டரி இறங்கும். அதுதான் காரணம்.

கத்தரிக்காய்க் குழம்பு நன்றாக இருந்தது என்று நினைக்கிறேன்.

மார்ச் 11, செவ்வாய்

152/94.

மத்தியானம் பட்டறைகள் நிறைந்த கணபதிக்குப் போனேன். மைனாவின் வால்வைச் செய்தவர் ஆறுச்சாமி. அறுபதை நெருங்குகிறார். நாலு லேத், இரண்டு கம்ப்யூட்டர் மெஷின், எட்டுப் பேர் வேலை செய்யும் பட்டறை. சுண்டுவிரல் அளவு வால்வை அவரைப் போலக் கசிவில்லாமல் செய்ய இந்த ஊரில் ஆள் கிடையாது. சும்மா அந்தப் பக்கம் வந்தேன் என்று சொன்னேன். சும்மா யாரும் கணபதிப் பக்கம் போக மாட்டார்கள் என்பது அவருக்கும் தெரியும். டீ வரவழைத்தார்.

“ஆறுச்சாமி, அந்த வால்வு தெறந்தா வினாடிக்கு எவ்வளவு போகும்னு ஒரு சீட்டுல எழுதிக் குடுத்தீங்களே. நெனப்பிருக்குதுங்களா?”

“ஒரு கிராமுங்க. ஏனுங்?”

“அதுல எச்சா எவ்வளவு வெச்சீங்க?”

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

“எச்சாவா? ஏனுங் சார், நீங்கதானுங்க என்ற பட்டறைல நின்னுட்டு சத்தம் போட்டீங்க! ‘ஆளாளுக்கு எச்சா எச்சா சேத்திக் குடுத்தா நாங் கணக்கு எப்பிடிப் போடறது, நெசத்த மட்டுங் குடுங்க’ன்னு. பசங்க முன்னால. எனக்கு நெம்ப வருத்தம். அதுதான் மொத தடவ ஒரு பொட்டு எச்சா இல்லாம எழுதிக் குடுத்தனுங்க.”

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. எல்லோரும் தங்கள் பங்குக்குக் கொஞ்சம் எச்சாவை, அதாவது கூடுதலை, ஒளித்து வைத்துத்தான் நம்பர் சொல்வார்கள். பத்து நாள் வேலையைப் பன்னிரண்டு என்பார்கள், நூறு கிலோ தாங்குவதை எண்பது என்பார்கள். கேட்கிறவனுக்கும் தெரியும், எனவே அவன் மனதுக்குள் கழித்துக்கொள்வான். ஆறுச்சாமி எப்போதும் பதினைந்து சதவீதம் கூட வைப்பார். அதனால்...

இதற்கு மேல் இன்று எழுத முடியவில்லை. டீ ஆறிப்போயிருந்தது. குடித்துவிட்டு வந்தேன்.

மார்ச் 12, புதன்

பிரஷர் பார்க்கவில்லை. மெஷினில் பேட்டரி இல்லை.

மார்ச் 14, வெள்ளி

158/98.

பத்தரை மணிக்கு மைனா வந்தபோது, பேட்டரியைச் சோதிக்க வேண்டும், தொட்டி ஹீட்டரை நாற்பது நிமிடம் போடு என்று நஸ்ரீனிடம் சொன்னேன். அவள் உடனே தட்டினாள். கட்டளை போயிற்று. அடுத்த சுற்றில் மைனா மேற்கே சாய்ந்து வந்தபோது வெப்பம் எப்படி ஏறியது என்ற பட்டியல் இறங்கியது.

வேகமாக ஏறியிருக்கிறது. மிக வேகமாக.

கணக்குப் போட்டேன். மூன்று விதமாகப் போட்டேன். ஆயிரத்து இருநூற்று நாற்பது இருந்தால் நாலு டிகிரி ஏற வேண்டும். ஏழு ஏறியிருக்கிறது. சுமார் ஐந்நூறு கிராம்தான், இக்கட்டால கொஞ்சம், அக்கட்டால கொஞ்சம். முடிவு தெளிவாக இல்லை.

“பேட்டரி எப்பிடி சார் இருக்கு?” என்று கேட்டாள்.

“நல்லாருக்கும்மா.”

அவள் திரையை அணைக்காமலே எழுந்து சாப்பிடப் போனாள். எனக்காகத்தான் அணைக்காமல் விட்டாள் என்று இப்போது தோன்றுகிறது.

மார்ச் 17, திங்கள்

168/102.

கோகிலவாணி கூப்பிட்டார். மேசையில் லட்டு டப்பா. வியாழக்கிழமை கையெழுத்து உறுதியாம். மைனாவுக்கு அப்புறம் மைனா-2 செய்ய இந்த ஒப்பந்தம்தான் பிடிமானம், இது இல்லாவிட்டால் சாட்டிலைட் வேலையை இழுத்து மூடிவிட்டுப் பழையபடி பம்ப் பக்கமே போக வேண்டும் என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்களாம்.

“காப்பீட்டுக்காரங்க எரிபொருள் சர்ட்டிபிகேட்டு ஒண்ணு கேக்கறாங்க சார். நீங்க கையெழுத்துப் போட்டாப் போதும். சென்னியப்பன் சார் நம்பருன்னா நாங்க யாரும் திருப்பிப் பாக்கறதில்லைன்னு சொல்லிப்போட்டேன்.”

நான் ஒரு சின்ன ஆள் இல்லை. பதினோரு பேர் இருக்கும் கம்பெனியில் என் நம்பரை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. ஐந்து வருடமாக அதில் எனக்கு எவ்வளவு பெருமை என்று இன்றுதான் தெரிந்தது.

அப்புறம் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு லட்டோடு வெளியே வந்தேன். லட்டை என்ன செய்தேன் என்று நினைவில்லை. இப்போது சட்டைப் பையில் இருக்கிறது.

மார்ச் 18, செவ்வாய்

டாக்டரிடம் காட்ட நம்பர்களைத் தனித்தாளில் எழுதித் தருகிறேன் என்று காலையில் சுலோச்சனா டைரியை எடுத்தாள். எல்.ஐ.சி.யில் வேலை. வரிசையாக எழுதுவது அவளுக்குப் பிடிக்கும். நான் ஷேவிங் பண்ணிக்கொண்டிருந்தேன்.

“ஏனுங், மூணாந்தேதி நூத்தி முப்பத்தெட்டு. நேத்து நூத்தி அறுபத்தெட்டு. நடுவுல பன்னண்டாந்தேதி மெஷின்ல பேட்டரி இல்லைன்னு எழுதிருக்கீங்க.”

“ஆமா.”

“அதுக்கு மொத வாரந்தான நான் புது பேட்டரி போட்டேன்?”

முகத்தில் பாதி நுரையோடு கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நம்பரை மட்டும்தான் படித்தேன் என்றாள். நம்பரே போதுமாக இருந்திருக்கிறது.

எல்லாவற்றையும் சொன்னேன். அவளிடம் சொன்னதை இங்கேயும் எழுதிவிடுகிறேன். ஆறுச்சாமி வினாடிக்கு ஒரு கிராம் என்று எழுதிக் கொடுத்தார். வழக்கம்போல எச்சா சேர்த்திருப்பார் என்று நானே முடிவு கட்டி, பதினைந்து சதவீதம் கழித்து, பாயிண்ட் எட்டு ஐந்து என்று புரோகிராமில் போட்டேன். அவரைத் திட்டியவனும் நான், திட்டியதால் அவர் மாறியிருப்பார் என்று ஒரு நிமிடம் யோசிக்காதவனும் நான். ஐந்து வருடம் ஒவ்வொரு துளியையும் குறைத்தே எழுதியிருக்கிறேன். புத்தகத்தில் ஆயிரத்து இருநூற்று நாற்பது. தொட்டியில் நானூற்று எழுபத்தொன்று. ஹீட்டர் சொன்னதும் கிட்டத்தட்ட அதுதான். இரண்டு வருடம் முன்பு நஸ்ரீனின் மெயில் வந்தபோதே உள்ளுக்குள் ஏதோ உறுத்தியது. தனி போல்டர் போட்டு உள்ளே வைத்தேன். அன்றே பார்த்திருந்தால் இறக்குவதற்கு வேண்டிய அளவு மிச்சம் இருந்திருக்கும். பெருக்கலில் தப்பில்லை என்று 7ஆம் தேதி எழுதியது உண்மைதான். பெருக்குவதற்கு முன்னாலேயே தப்பு.

சுலோச்சனா டைரியை மூடி வைத்தாள். பிறகு கேட்டாள்:

“சிலிண்டர் தீந்தா அடுப்பு அணஞ்சுரும். அது தீந்தா?”

“அணையாது. மணிக்கு இருபத்தேழாயிரம் கிலோமீட்டர் வேகத்துல சுத்திட்டே கெடக்கும். எது மேலயாச்சும் மோதற வரைக்கும்.”

“மோதுனா?”

“ஒண்ணு ஆயிரமாகும்.”

“அப்ப இன்னிக்கு ஆபீசுக்கு நேரத்துல போங்க” என்றாள். கோகிலவாணி இன்று சென்னையில் இருப்பதால் நாளைக்குத்தான் போக முடியும். பயமாக இருக்கிறது. சும்மா எழுதவில்லை, உண்மையிலேயே பயமாக இருக்கிறது.

மார்ச் 19, புதன்

160/98.

சொல்லிவிட்டேன்.

கோகிலவாணி முதலில் நான் விளையாடுகிறேன் என்று நினைத்தார். அப்புறம் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“நாளைக்குக் கையெழுத்து சார். இன்னிக்கு வந்து சொல்றீங்க.”

“தப்பு என்னுதுங்க.”

“தப்பு உங்களுது. சம்பளம் இல்லாமப் போறது பதினோரு பேருக்கு.” குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “நானூத்தி எழுவத வெச்சு ரெண்டு வருசம் ஓட்ட முடியுமுங்களா?”

“ஓட்டலாமுங்க. அப்பறம் எறக்க முடியாது.”

“இப்பவே எறக்குனா?”

“பாதி தூரந்தானுங்க எறங்கும். அஞ்சு வருசத்துக்குள்ள எரிஞ்சுரும்னு எழுதிக் குடுத்திருக்கறோம். ஒம்பது வருசம் ஆகும்.”

“அப்ப எப்பிடிப் பாத்தாலும் குப்பைதான்! ஒம்பது வருசமானா என்ன, இருவத்தஞ்சு வருசமானா என்ன? மேல ஆயிரக்கணக்குல கெடக்குது சார். பெரிய பெரிய நாடெல்லாம் போட்டுவெச்சது. அதுல நம்முளுது ஒண்ணு கெடந்தா யாருக்குத் தெரியும்?”

அந்தக் கேள்வியை 14ஆம் தேதி மத்தியானம் முதல் நானே எனக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன். இதே வார்த்தைகளில். அதனால் அவர் மேல் கோபம் வரவில்லை.

“போன வாரத்துக்கு முன்ன வெள்ளிக்கெழம நம்ம மைனாவ ஒதுங்க வெச்சுதே ஒரு துண்டு, அதைய விட்டவனும் இதையேதானுங்க நெனச்சிருப்பான். நாம மைனா-2 உடறதும் அதே பாதைலதான். செத்துப்போனதுக்குக் காது இல்லீங்க, நம்ம குப்பைக்கு நாமளே ஒதுங்கோணும்.”

அவர் திரும்பவில்லை. “போங்க சார்” என்றார். சர்ட்டிபிகேட் தாளைக் கையெழுத்துப் போடாமல் மேசை மேல் வைத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 20, வியாழன்

யாரும் எதுவும் சொல்லவில்லை. கான்பரன்ஸ் அறைக்கு வாங்கி வைத்த பூங்கொத்தைச் சாயங்காலம் வாட்ச்மேன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார். கையெழுத்து ஆகவில்லை என்று அதிலிருந்து தெரிந்துகொண்டேன்.

மார்ச் 24, திங்கள்

150/94.

அனுமதி கொடுத்த அலுவலகத்துக்குக் கடிதம் போயிற்று. வாக்குக் கொடுத்தபடி இறக்க முடியவில்லை, காரணம் எங்கள் எரிபொருள் கணக்கில் நேர்ந்த பிழை, மிச்சம் இருப்பதை எல்லாம் வைத்து உடனே தாழ்த்துகிறோம் என்று. பிழை யாருடையது என்ற இடத்தில் என் பெயரை எழுதியிருந்தேன். கோகிலவாணி அதை அடித்துவிட்டுக் கம்பெனி பெயரைப் போட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

“ரொம்பப் பூரிக்காதீங்க. உங்களுக்காகப் போடல. திருப்பிப் பாக்காத தப்பு எங்களுதுந்தான்” என்றார். இன்னும் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை.

மைனா-2க்கான அனுமதி எப்போது கிடைக்கும் என்று இனி யாருக்கும் தெரியாது. ஆறு பேரை வேறு வேலை தேடிக்கொள்ளச் சொல்லியாயிற்று. நஸ்ரீனுக்குப் பெங்களூரில் கிடைத்துவிட்டது. இறக்கி முடித்துவிட்டுத்தான் போவேன் என்கிறாள். இரண்டு வருடத்துக்கு முந்தைய மெயிலுக்கு இன்று பதில் எழுதினேன்: ‘நீங்கள் சொன்னது சரி. நான் பார்த்திருக்க வேண்டும். மன்னிக்கவும்.’ எதிர் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். படித்துவிட்டு, “இப்பவாவது ரிப்ளை வந்துச்சே சார்” என்றாள்.

ஏப்ரல் 4, வெள்ளி

142/90.

மூன்று நாளாகத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக எரித்து மைனாவைத் தாழ்த்திக்கொண்டு வந்தோம். இன்று கடைசி. தொட்டி காலியாகும் வரைக்கும் வால்வைத் திறந்தே வைப்பது. அழுத்தம் சட்டென்று விழுந்தால் தீர்ந்தது என்று பொருள்.

ஆறுச்சாமியை வரச்சொல்லியிருந்தேன். முதலில் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன், பட்டறைப் பையன்கள் யாரும் இல்லாத இடத்தில் கேட்கிறோமே என்று கூச்சமாக இருந்தது. அவர் கையை ஆட்டித் தள்ளிவிட்டு, திரைக்கு முன்னால் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். கோகிலவாணியும் வந்து கதவோரமாகச் சாய்ந்து நின்றார்.

பத்தரை. நஸ்ரீன் எண்ணினாள். இதுவரைக்கும் எரித்தது போக எழுபது கிராம் மிச்சம் இருக்க வேண்டும், எழுபது வினாடி. இம்முறை வினாடிக்கு ஒரு கிராம், நிஜமான ஒரு கிராம். அறுபது... அறுபத்தைந்து... எழுபது.

அழுத்தம் விழவில்லை.

“சார்?” என்றாள் நஸ்ரீன்.

“மூடாதே.”

எண்பது. தொண்ணூறு. நூறு. நூற்றிருபது. நூற்று முப்பதில் திரையில் அழுத்தக் கோடு ஒரு நடுக்கம் நடுங்கிச் சரிந்து தரையைத் தொட்டது. அறுபது கிராம் அதிகம். எந்தக் கணக்கிலும் இல்லாத அறுபது கிராம்.

மெதுவாக ஆறுச்சாமி பக்கம் திரும்பினேன். ஏவுவதற்கு முன் தொட்டியை நிரப்பியபோது வால்வைப் பார்த்துக்கொள்ள அவரும் போயிருந்தார்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “நீங்க எழுதிக் குடுக்கறதுல எச்சா கூடாதுன்னு சத்தம் போட்டீங்க. சரின்னு எழுதறதுல வெக்கல. ரொப்பறப்ப நாந்தான் பக்கத்துல நின்னனுங்க. காய்கறிக்காரன் கூடக் கொத்தமல்லி கொசுறு போட்டுத்தானுங்க அனுப்பறான். அத்தன தொலவு போற சீவன், அளந்தாப்பல எப்பிடிங்க அனுப்பறது? ஒரு கையளவு சேத்தி ரொப்பச் சொல்லிப்போட்டேன். ஆரும் கேக்கல, நானும் சொல்லல.”

கோகிலவாணிதான் முதலில் சிரித்தார். இரண்டு வாரத்துக்குப் பிறகு அவர் சிரித்துப் பார்க்கிறேன். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

கணக்குப் போட்டேன். நஸ்ரீனைத் திருப்பிப் பார்க்கச் சொன்னேன். பார்த்தாள். ஐந்நூறு கிலோமீட்டருக்குத் தாழும் என்றிருந்தது நானூற்று எண்பத்தெட்டுக்குத் தாழ்ந்திருக்கிறது. ஒன்பது வருடம் எட்டாகும். அவ்வளவுதான். அந்த அறுபது கிராமால் என் தப்பு சரியாகிவிடவில்லை. ஒரு வருடம் மட்டும் குறைந்தது.

அடுத்த சுற்றில், பன்னிரண்டு ஐந்துக்கு, பின்னால் வெடிக்காமல் இருக்கப் பேட்டரியையும் வடித்துவிடக் கட்டளை போயிற்று. மைனா இனிப் பேசாது. யாருக்கும் ஒதுங்கவும் ஒதுங்காது.

ஏப்ரல் 14, திங்கள்

140/88. தமிழ்ப் புத்தாண்டு. பாயசம்.

கோகிலவாணி வீட்டுக்கே போன் செய்தார். கம்பெனி பம்ப் பக்கம் போகிறதாம், மாடியில் ஒரு மேசை மட்டும் சாட்டிலைட் வேலைக்கு இருக்குமாம். அதில் உட்காருகிறீர்களா என்று கேட்டார். என்ன வேலை என்றேன். “உங்க மைனா எங்க போகுதுன்னு பாக்கோணும். யாரு வழில குறுக்க வருதோ அவங்களுக்கு முன்கூட்டியே எழுதோணும். அதுக்குக் காது இல்லீன்னு நீங்கதான சொன்னீங்க.”

உட்காருகிறேன் என்றேன்.

ஜூன் 9, திங்கள்

138/86. மைனா உயரம், தாழ்ந்த பக்கம்: 487.

இன்று எழுதிய கடிதம், இது பதினேழாவது: ‘எங்கள் செயலிழந்த மைனா வியாழக்கிழமை உங்கள் சாட்டிலைட்டுக்கு முந்நூறு மீட்டர் அருகில் வருகிறது. மைனாவால் விலக முடியாது. உங்கள் எரிபொருளைச் செலவழித்து நீங்கள்தான் விலக வேண்டியிருக்கும். வருந்துகிறேன். சென்னியப்பன், கோயமுத்தூர்.’

யாரென்று தெரியாத ஒரு வெளிநாட்டுக்காரர் சாயங்காலமே பதில் போட்டார். விலகிவிட்டார்களாம். இத்தனை வருடத்தில் குப்பையின் சொந்தக்காரர் கடிதம் எழுதியது இதுதான் முதல்முறை என்று எழுதியிருந்தார். பாராட்டா, குத்தலா என்று தெரியவில்லை. சுலோச்சனாவிடம் படித்துக் காட்டினேன். ரெண்டுந்தான் என்றாள்.

இரண்டாம் டைரி, நவம்பர் 3

134/86. மைனா 471. கடிதம் நூற்று நாற்பது.

மைனா-2க்கு அனுமதி வந்துவிட்டது. அதில் எரிபொருள் கணக்கு மூன்று பேர் தனித்தனியாக வைப்பார்கள், மாதம் ஒருமுறை ஹீட்டர் போட்டுப் பார்ப்பார்கள். அந்தச் சோதனைக்கு ஆபீசில் ‘ஈரத்துணி’ என்று பெயர். நான் வைத்த பெயர் இல்லை, ஆறுச்சாமி வைத்தது. மூன்று பேரில் நான் இல்லை. கேட்டார்கள், வேண்டாம் என்றேன்.

ஆறாம் டைரி, ஏப்ரல் 4

மைனா 402. எழுதிக் கொடுத்த ஐந்து வருடம் இன்றோடு முடிந்தது. இன்னும் மேலேதான் இருக்கிறது.

பிரஷர் பார்த்தேன். எழுதப் பிடிக்கவில்லை.

எட்டாம் டைரி, பிப்ரவரி 11

சூரியன் இரண்டு வருடமாகச் சீறிக்கொண்டிருக்கிறது. அதனால் மேலே காற்று கொஞ்சம் தடித்திருக்கிறது. எட்டு என்று போட்ட கணக்கு ஏழாகும்போல. நேற்று 214. இன்று காலை 181.

நஸ்ரீன் பெங்களூரிலிருந்து போன் செய்து, “சார், பாத்துட்டிருக்கீங்களா?” என்றாள். பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். அவளும் பார்க்கிறாளாம்.

எட்டாம் டைரி, பிப்ரவரி 12

மத்தியானம் இரண்டு மணி பத்து நிமிடத்துக்குத் தெற்குப் பசிபிக் மேல் எரிந்துபோயிற்று. ஒரு துண்டும் மிஞ்சியிருக்காது என்று கணக்கு. இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்துவிட்டார்கள்.

இதுவரை மைனா யார் வழியில் எல்லாம் குறுக்கே வந்ததோ அவர்கள் எல்லோருக்கும் கடைசியாக ஒரு கடிதம் எழுதினேன். மொத்தம் ஐந்நூற்றுப் பன்னிரண்டு முறை விலகியிருக்கிறார்கள். ‘இனி நீங்கள் ஒதுங்க வேண்டாம். வழி காலி. நன்றி.’

வீட்டுக்கு வந்தபோது சுலோச்சனா சிலிண்டரைத் துடைத்துவிட்டு ஈரம் காய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நானும் பக்கத்தில் போய் நின்றேன்.

சாயங்காலம் 128/82.